பூட்டிய கடைக்குள் அடித்த ஃபோன்

ஜான்சனுக்கு வீடு கிடையாது. வீடு இல்லாமல் போனவன் என்று நினைத்துவிட வேண்டாம். வேண்டாம் என்று விட்டவன். பழைய மெட்டடோர் வேன் ஒன்றை வாங்கி, பின்பக்கம் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஸ்பானர் பெட்டி என்று அடைத்துக்கொண்டு, மனைவி சாலம்மாளோடும் எட்டு வயது மகள் பிலோமினாவோடும் அதிலேயே குடித்தனம் நடத்தினான். உப்பளங்களில் கடல்தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சின் எங்கே மக்கர் பண்ணுகிறதோ அங்கே வண்டி நிற்கும். திங்கட்கிழமை மரக்காணம் என்றால் புதன்கிழமை எங்கே என்று அவனுக்கே தெரியாது. நான் அப்போது உப்பளத்தில் மேஸ்திரி. எஞ்சின் நின்றுவிட்டால் இவனைத் தேடி சைக்கிளில் அலைந்தே என் கால் தேய்ந்தது.

அந்தத் தொல்லைக்கு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். சொந்தமாக ஃபோன் வைக்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. சக்கரத்தில் ஓடுகிற வீட்டுக்கு யார் கனெக்ஷன் கொடுப்பார்கள்? கூனிமேட்டில் இப்ராஹீம் பாயின் மளிகைக் கடையில் ஃபோன் இருந்தது. பாயின் ஜெனரேட்டரை ஜான்சன் சும்மா பழுது பார்த்துக் கொடுப்பான். பதிலுக்கு, அந்த நம்பரை வேனின் பக்கவாட்டில் பெயிண்டால் எழுதி, முன்னால் 'பி.பி.' என்று போட்டுக்கொண்டான். அடுத்தவர் ஃபோனைத் தன் நம்பராகக் கொடுக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள். யார் அழைத்தாலும் பாய் குறித்து வைப்பார். சாயங்காலம் போகும்போது ஜான்சன் கேட்டுக்கொள்வான். செலவில்லாத ஏற்பாடு. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

பிலோமினாவுக்கு இதயத்தில் ஓட்டை. நாலு எட்டு நடந்தால் உதடு நீலமாகிவிடும். மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இலவச ஆபரேஷனுக்குப் பேர் கொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வார்டு சிஸ்டர் ஒருத்தி இரக்கப்பட்டு, "இருபத்தஞ்சாம் தேதி லிஸ்ட் போடுவாங்க. எத்தனை மணிக்கு ஃபோன் பண்ணட்டும்? நீங்க எடுக்கலன்னா அடுத்த பேருக்குப் போயிடும், சொல்லிட்டேன்" என்றிருக்கிறாள். இவன் கொஞ்சமும் யோசிக்காமல், "மத்தியானம் ஒரு மணிக்குங்க. அப்போதான் எஞ்சினை நிறுத்துவாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். உப்பளத்துக்காரனுக்குத் தேதி தெரியும், கிழமை தெரியாது. ஜான்சனுக்குத் தெரிந்த ஒரே கிழமை ஞாயிறு.

1988 மார்ச் இருபத்தைந்து, வெள்ளிக்கிழமை.

பன்னிரண்டே முக்காலுக்கு வேன் வந்து நின்றது. கடை பூட்டியிருந்தது. பலகைக் கதவு, குறுக்கே இரும்புப் பட்டை, அதில் கைப்பிடி அளவுப் பூட்டு. எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்த என்னிடம், "அண்ணே, பாய் எங்கே?" என்றான். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை இல்லியா? ரெண்டு மணிக்குத்தான் தொறப்பாரு. சாவி அவர் இடுப்பு பெல்ட்டுலதான் இருக்கும்" என்றேன். "ஐயோ, ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து ஃபோன் வருமேண்ணே" என்றான்.

சரியாக ஒரு மணிக்கு உள்ளே ஃபோன் அடித்தது.

அடிக்கிறது, அடிக்கிறது, நிற்கவே இல்லை. ஜான்சன் பலகையில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு, "இருங்க சிஸ்டர், இருங்க சிஸ்டர்" என்று கெஞ்சினான், ஏதோ அவளுக்குக் கேட்கிற மாதிரி. நின்றது. பள்ளிவாசலுக்கு ஓடினான். ஐந்து நிமிஷத்தில் தனியாகத் திரும்பி வந்தான். "வரிசையா நிக்கிறாங்கண்ணே. எப்படிக் கூப்பிடறது?" என்றான். வேன் கதவைத் திறந்துகொண்டு சாலம்மாள் இறங்கினாள்.

மறுபடியும் அடித்தது. எங்களால் செய்ய முடிந்தது எண்ணுவது ஒன்றுதான். பதினாறு தடவை அடித்தது. நின்றது.

ஜான்சன் வேனுக்குள் போய் ஜாக்கி லிவரை எடுத்து வந்தான். நான் எழுந்து, "டேய், வேணாம்டா. உள்ள கல்லாப்பெட்டி இருக்குது. நாளைக்கு உன்னை எவன் நம்புவான்?" என்றேன். வாயால் தடுத்தேனே தவிர, இடத்தை விட்டு நகரவில்லை. மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. பலகையைப் பிடுங்கும்போதே ஃபோன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. அரிசி மூட்டையில் இடறி விழுந்து, எழுந்து, எடுத்தான்.

"ஜான்சன்தாங்க. பிலோமினா அப்பாதாங்க."

சிஸ்டர் கத்தியது வெளியே நின்ற எனக்கே கேட்டது. இதுதான் கடைசித் தடவையாம். நாளைக் காலை பத்து மணிக்குள் வார்டில் இருக்க வேண்டுமாம். "வந்துடறேங்க, வந்துடறேங்க" என்று அவன் எத்தனை தடவை சொன்னானோ தெரியாது. சாலம்மாள் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குள் தொழுகை முடிந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். "பாய், உங்க கடைப் பூட்டை ஒடச்சிட்டான்!" என்று யாரோ கத்த, கூட்டம் சேர்ந்தது. தொப்பியோடு வந்த இப்ராஹீம் பாய் பூட்டைப் பார்த்தார். கல்லாப்பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை.

"ஃபோன் கெடச்சுதா?"

"கெடச்சுது பாய். நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க. பூட்டுக்கு நான்..."

"பூட்டை விடு. பள்ளிவாசல் கேட்டுல வந்து நின்னியாமே?"

"ஆமாங்க பாய். தொழுகையைக் கெடுக்கக் கூடாதுன்னு..."

பாய்க்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். "கடைசி வரிசையிலதான்யா நின்னேன். ஒரு சத்தம் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பேன். புள்ளைக்கு ஒண்ணு ஆகியிருந்தா, அதுக்கப்புறம் நான் எந்த முகத்தோட போய்த் தொழுவேன்?"

ஜான்சன் லிவரைக் கீழே போட்டுவிட்டு அழுதான். டீக்கடையிலிருந்து பள்ளிவாசல் நூறு அடிதான். நானாவது போய்க் கூப்பிட்டிருக்கலாம்.