பட்டத்து யானையின் முன்னங்கால்கள்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதுவதானால் இதை எழுதவே வேண்டாம். நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் கிடைத்துக் குடிவந்த நாளிலிருந்து அந்தப் பொறாமை பக்கத்து வீட்டுக்காரி மேல்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் ரேடியோ பாடினால் இந்தப் பக்கம் என் வயிறு எரியும்.

அவள் திருச்சிப் பக்கத்துப் பெண். என்னைவிட மூன்று வயது சின்னவள். வாய்க்கு வாய் அக்கா என்பாள். எங்கள் இருவர் வீட்டுக்காரர்களுக்கும் மைன்ஸில் ஒரே ஷிப்ட். அவள் புருஷன் திரும்பி வரும்போது சைக்கிள் ஹேண்டில்பாரில் பூப்பொட்டலம் தொங்கும். என் புருஷன் வரும்போது காலி டிபன் கேரியர் தொங்கும். இத்தனைக்கும் எனக்கு இரண்டு பிள்ளைகள். அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் ஒன்றுமில்லை. அதற்காகவாவது என் மனசு இளகியிருக்க வேண்டாமா? இளகவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பொங்கலுக்கு எங்கள் பிளாக் பெண்கள் நாடகம் போட்டோம். எழுதியது எதிர்வரிசைத் தமிழ் வாத்தியாரின் மனைவி. வாரிசு இல்லாத ராஜா ஒருவர் செத்துப் போகிறார். முரசு நிற்கிறது, கொடி இறங்குகிறது. சிம்மாசனம் ஒரு நாழிகைகூட வெறுமனே கிடக்கக் கூடாது என்று ராஜாவின் பாதுகையைக் கொண்டுவந்து அதில் வைக்கிறார்கள். பிறகு பட்டத்து யானையின் துதிக்கையில் மாலையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அது யார் கழுத்தில் போடுகிறதோ அவர்தான் அடுத்த ராஜா. அவரைக் குளிப்பாட்டி, பட்டு உடுத்தி, முடிசூட்டிய பிறகுதான் பழையவரின் பாடையைத் தூக்க வேண்டும். புது ராஜா பிணத்தைப் பார்க்கக் கூடாது, அழவும் கூடாது.

“யானை போட்டா போட்டதுதாம்மா. மந்திரியே நெனச்சாலும் மாத்த முடியாது. யானைக்கு ராஜலட்சணம் தெரியும்” என்று வாத்தியாரம்மா ஒத்திகைக்கு ஒத்திகை சொல்லிக்கொண்டிருந்தார்.

யானை மாலை போடுவது ஒரு விறகுவெட்டிக்கு. அந்த வேஷத்துக்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று எனக்கும் என் வீட்டுக் கண்ணாடிக்கும்தான் தெரியும். பித்தளைச் சல்லடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிரீடம் பொருந்துகிறதா என்றுகூடப் பார்த்தேன். வேஷம் யாருக்குப் போயிருக்கும்? சொல்லவும் வேண்டுமா! பக்கத்து வீட்டுக்காரிக்கு வசனம் கணீரென்று வருகிறதாம்.

“நீ நல்லா வாட்டசாட்டமா இருக்க. யானைக்கு முன்னங்கால் நீதான்” என்றார் வாத்தியாரம்மா, பெரிய பதவி கொடுப்பதுபோல.

யானையைத் தைத்ததும் பக்கத்து வீட்டுக்காரியேதான். கோணிகளைப் பிரித்து ஒன்றாகத் தைத்து, நிலக்கரித் தூளைக் கஞ்சியில் குழைத்துப் பூசினாள். துதிக்கை, மைன்ஸில் கழித்துப்போட்ட ரப்பர் ஹோஸ். கண்ணுக்கு ஓட்டை வைக்க என் முகத்தில் கோணியை அழுத்திப் பிடித்து, கரியால் புள்ளி குத்தி வெட்டினாள். “தெரியுதாக்கா? சரியாத் தெரியுதா?” என்று நாலு தடவை கேட்டாள். நன்றாகத் தெரிந்தது.

நாடகத்துக்கு ஒரு வாரம் முன்பு சேத்தியாத்தோப்பிலிருந்து அவளுடைய மாமியார் வந்து இறங்கினார். வந்த நாள் முதல் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே பேச்சுதான். என் மவனுக்கு வேற எடம் பாத்துகினு இருக்கேன், என் மவனுக்கு ஒரு வாரிசு வாணாமா. ரேடியோவே பாடவில்லை. மறுநாள் துணி துவைக்கும்போது அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

“அத்தையை முன்வரிசையில உக்கார வைக்கப் போறேன்க்கா. ஒரு தடவையாவது என் கழுத்துல நாலு பேர் பாக்க மாலை விழுறதை அவங்க பாக்கட்டும்.”

“வுழும் வுழும். நான்தானே போடப் போறேன்” என்றேன். அப்போது மனசாரத்தான் சொன்னேன். சத்தியமாக.

நாடகத்தன்று பொழுது சாயும்போதே மேடைக்கு முன்னால் கூட்டம் நிறைந்துவிட்டது. ராஜா செத்தார். முரசு நின்றது. பாதுகை சிம்மாசனம் ஏறியது. கோணிக்குள் வியர்வையும் கரியுமாக நான் ஹோஸைப் பிடித்துக்கொண்டு அசைந்து அசைந்து வந்தேன். என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னங்கால்காரி வந்தாள். மேடையில் குடிமக்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் அவள், கிழிந்த துண்டும் கையில் கோடாலியுமாக. கிழிசலிலும் அவள் ராஜாவாகவே இருந்தாள். ஓட்டை வழியாகக் கூட்டத்தைப் பார்த்தேன். அவள் புருஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, அது அவர் பாடு. அவர் பக்கத்தில் என் புருஷனும் வாயைப் பிளந்துகொண்டு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்! கட்டின பெண்டாட்டி இங்கே கோணிக்குள் வெந்துகொண்டிருக்கிறேன், யானைப் பக்கம் ஒரு பார்வை உண்டா?

அவள் தலையைக் குனிந்து கழுத்தை நீட்டினாள். நான் தாண்டிப் போனேன்.

“ஏய், எங்கடி போற? தாண்டிட்டடி!” என்று பின்னங்கால் என் முதுகில் குத்தியது. நிற்கவில்லை. வரிசையின் கடைசியில், ஆள் குறைகிறதென்று நிறுத்தி வைத்திருந்த ஒருத்தி நின்றாள். அவளுக்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. அவள் கழுத்தில் மாலையைப் போட்டேன். அவள் ஓடப் பார்த்தாள். கூட்டம் கைதட்டிவிட்டது. திரைக்குப் பின்னால் வாத்தியாரம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் என்ன செய்ய முடியும்? யானை போட்டால் போட்டதுதானே.

புது ராஜாவைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்தார்கள். அது பேந்தப் பேந்த விழித்தது. அப்போது பக்கத்து வீட்டுக்காரி கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, சிம்மாசனத்தின் பக்கத்தில் போய் நின்று, “மன்னர் சொல்கிறார்” என்று தொடங்கி, அவ்வளவு வசனத்தையும் கணீரென்று தானே சொல்லி நாடகத்தைக் கரைசேர்த்தாள். குரல் ஒரு இடத்திலும் பிசிறவில்லை.

எல்லாம் முடிந்து மேடையோரம் நான் கோணியைக் கழற்றினேன். அவள் மறுமுனையைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தாள். மாமியார் வந்தார்.

“பாத்தியா? ஆனைக்கே தெரிஞ்சிருக்குது, இவ கழுத்துல மால வுழாதுன்னு” என்றார், நாலு பேர் கேட்க.

அவள் மடித்துக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் கை ஓடவில்லை.

மறுநாள் காலையில் பின்பக்கம் வந்து கூப்பிட்டாள். கண் வீங்கியிருந்தது.

“அக்கா, அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. நான் ஓட்டையைத் தப்பா வெட்டிட்டேன், உங்களுக்கு ஒண்ணும் தெரியலைன்னு சொல்லிடுங்க. ராத்திரியிலேர்ந்து ஆனை ஆனைன்னு அதையேதான் சொல்லிட்டிருக்காங்க. இன்னிக்குப் பஸ்ஸுக்கு மகனையும் கூட்டிட்டுப் போறேங்கிறாங்க.”

ஏன் அப்படிச் செய்தாய் என்று அவள் கேட்கவே இல்லை. என் முகத்தில் வைத்து வெட்டியவளுக்குத் தெரியாதா? நாலு செருப்படி கொடுத்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

போனேன். மாமியார் கூடத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பை கட்டி வைத்திருந்தது. அவள் சொல்லிக்கொடுத்த பொய்யைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. தையலிலும் இவள் கோணல் என்று அந்தம்மாள் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்.

“ஓட்டையெல்லாம் சரியாத்தாம்மா இருந்திச்சி. உங்க மருமவ வெட்னது தப்பா இருக்குமா? நான்தான் வேணும்னே தாண்டிப் போனேன். பொறாமை. அந்த ஆனை நான்தாம்மா.”

அந்தம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பொறாமையா? இவகிட்ட பொறாமப்பட இன்னா இருக்குது?”

எனக்கு வந்ததே கோபம்! மூன்று வருஷமாகத் தூக்கம் கெட்டுப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அதை ஒன்றுமில்லை என்றால்?

“இன்னா இருக்குதா? அவ குரல் எனக்கு வருமா? எழுத்துக்கூட்டாம பேப்பர் படிக்கிறா. என் புள்ளைக்கு ஜுரம் வந்தா என்கிட்ட மருந்து குடிக்க மாட்டான், சுவரைத் தட்டி அவளைக் கூப்புடறான். சாக்குத் துணியில ஆனை செய்றா. உங்க மவன் ஷிப்ட் முடிஞ்சா நேரா வூட்டுக்கு வராரு. இந்த வரிசையில வேற யாரு வராங்க? நேத்திக்கி நான் பண்ண காரியத்துக்கு வேற ஒருத்தியா இருந்தா மேடையிலயே அழுதிருப்பா. இவ அத்தனை வசனத்தையும் சொன்னா. நான் ஒவ்வொண்ணா எண்ணி எண்ணி வெந்துகினு கெடக்கேன், நீங்க இன்னா இருக்குதுன்னு கேக்கறீங்க!”

மூச்சு வாங்கியது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. அந்தம்மாள் கையிலிருந்த மொச்சையை உரித்து முடித்தார். பிறகு பையைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

“உக்காரு” என்றார் என்னிடம். உள்பக்கம் திரும்பி, “ஏம்மா, மூணு டம்ளரு காபி கொண்டா. ஒனக்கும் எடுத்துகினு வா” என்றார்.

கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. குடித்துப் பார்த்தேன். என் கையில் ஒருநாளும் அப்படி வந்ததில்லை.