நல்ல நேரத்தில் போட்ட சுவிச்சு

நிரஞ்சனியைப் பற்றிக் கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். வயர் இழுக்கப் போன வீட்டில் வீட்டுக்காரர் கீழே நின்று யோசனை சொல்ல ஆரம்பித்தால், "அப்போ நீங்களே ஏறுங்க, நான் ஏணியப் பிடிச்சுக்கிறேன்" என்று இறங்கி நின்றுவிடுவாள். அப்பா மாநகர சபையில் வேலை பார்த்தவர். புருஷன் கட்டாரில். இவள் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்வேலை படித்து, கூரைகளில் சூரியத் தகடு பூட்டும் தொழிலைச் சொந்தமாக நடத்துகிறாள். இரண்டு வேலையாட்கள் இருக்கிறார்கள். சாமான் ஏற்றுவது என் லொறி. நான் மக்கீன். அவளுக்கு நான் 'நானா', அதாவது அண்ணன்; எனக்கு அவள் தங்கச்சி. சண்டை போடாமல் நாங்கள் ஒரு பயணம் போய் வந்ததில்லை.

அரைகுறை வேலை அவளுக்கு ஆகாது. அதனால்தான் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

புசல்லாவைக்கு மேலே, தேயிலை முடிந்து பாறை தொடங்கும் உச்சியில், ஒரு பல்கலைக்கழகக் குழு வானொலித் தொலைநோக்கி அமைத்தது. கண் வைத்துப் பார்க்கிற கருவி அல்ல. பெரிய தட்டு ஒன்று வானத்திலிருந்து வரும் அலைகளைப் பகலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். மின்சாரக் கம்பி அந்த உச்சிக்கு வரவில்லை. டீசல் மோட்டார் வைத்தால் என்ன என்று நான் கேட்டேன். பொறுப்பாக இருந்த பேராசிரியர் வீரசிங்கம், யாழ்ப்பாணத்தார், சிரித்தார்.

"வைக்கலாம் மக்கீன். ஆனா அது போடுற இரைச்சலில வானம் சொல்லுறது ஒண்டும் விளங்காது. எண்ணெயை ஆர் இந்த மலையில ஏத்துறது? பிறநாட்டுப் பாலைவனங்களில இருக்கிற பெரிய தொலைநோக்கியளே இப்ப வெயிலுக்கு மாறுது."

அந்த வெயில் வேலை நிரஞ்சனிக்குக் கிடைத்தது. இது நன்றாக அமைந்தால் அடுத்து வரப்போகும் தட்டுகளின் வேலையும் அவளுக்கே என்று பேச்சு.

அங்கே காவலாளாக லெட்சுமணனை வைத்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர். அவர் மனைவி இராஜகுமாரிக்கு முழங்கால் போய்விட்டது, இனி கொழுந்து பறிக்க முடியாது. இந்த வேலையும் அதோடு கிடைத்த ஓர் அறையும்தான் இருவருக்கும் கதி. அவருக்கு இட்ட முக்கியமான கட்டளை, இடி கேட்டவுடன் பெரிய சுவிச்சைக் கீழே இழுத்துவிட வேண்டும் என்பது. ஈரக் கையோடு தொடவே கூடாது என்று நிரஞ்சனி அவருக்குப் பத்துத் தடவை சொல்லிக்கொடுத்தாள்.

திறப்பு விழாவுக்கு நல்ல நேரம் குறித்தாயிற்று. அன்று காலை எல்லாம் தயார், எர்த் கம்பி மட்டும் பாக்கி. மின்னல் விழுந்தால் அதை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற கம்பி அது. பாறையில் செப்புக் கோல் இறங்கவில்லை, வளைந்துவிட்டது. கீழே மழைநீர் ஓடும் கான் ஓரத்தில் மண் பார்த்துக் குழி தோண்டி, அங்கிருந்து கம்பி இழுக்க வேண்டும். பொழுது சாய்ந்துவிடும். அடுப்பில் பால் பொங்கத் தயாராக இருந்தது. தோட்டத்துக் கோயில் ஐயர் வந்துவிட்டார், கொழும்பிலிருந்து வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஊரில் கதவு வைக்காத வீட்டுக்கும் நேரம் தப்பாமல் குடிபோவார்கள். யாரும் அதைத் தப்பு என்று நினைப்பதில்லை. நிரஞ்சனியும் நினைக்கவில்லை. பால் பொங்கியது, சுவிச்சைப் போட்டாள், எல்லாரும் கை தட்டினார்கள். எர்த் பெட்டியின் மூடியை முடுக்கிவிட்டு, "நாளைக்கு வந்து கட்டுவோம்" என்று தன் ஆட்களிடம் சொன்னாள். எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது.

மறுநாள் மழை. அதற்கடுத்து கண்டியில் ஒரு ஹோட்டல் வேலை. பிறகு கட்டாரிலிருந்து புருஷன் வந்தார். நாளை நாளை என்று அந்த வாரம் போய்விட்டது.

ஒரு மத்தியானம் மலையில் மின்னல் இறங்கியது. பட்டரி அறை கருகி, தட்டில் வரும் அலைகளைக் கேட்கும் கருவியும் எரிந்துபோனது. லெட்சுமணன் சுவிச்சை இழுத்துவிட்டுத்தான் நின்றார். ஆனால் மின்னலுக்கு மண்ணுக்குப் போக வழி இல்லையென்றால் சுவிச்சு என்ன செய்யும்? சாமானுக்குள்தான் போகும்.

அடுத்த நாள் விடிந்ததும் என்னை அழைத்துக்கொண்டு மலைக்குப் போனாள். ஆட்களைக் கூப்பிடவில்லை. கான் ஓரத்தில் அலவாங்கோடு நின்று தானே குழி தோண்டினாள்.

"என்னா புள்ள செய்றாய்?"

"சும்மா, செக் பண்றேன் நானா. நீங்க போய் டீ குடிங்க."

சேதத்துக்குக் காரணம் பார்க்கப் பரிசோதகர் வந்தபோது எர்த் கம்பி ஒழுங்காக மண்ணுக்குள் இருந்தது. கம்பி சரியென்றால் ஆள்தான் பிழை. லெட்சுமணனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இடி கேட்ட உடனே இழுத்தீங்களா?"

"சோறு திங்கிறப்ப கேட்டுச்சுங்க ஐயா. கையக் கழுவித் தொடச்சிட்டு ஓடுனேங்க."

"கையைக் கழுவிட்டு!" என்று பரிசோதகர் பேராசிரியரைப் பார்த்தார். அதோடு முடிந்தது. வேலை போயிற்று, மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நிரஞ்சனி பக்கத்தில்தான் நின்றாள். ஊரையே வாயடைக்க வைக்கிறவள் அன்று வாய் திறக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் கம்பளை தாண்டியதும் லொறியை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தியதும் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அல்லாஹ்வே! பைத்தியமா ஒனக்கு? இப்பவே வண்டியத் திருப்புறன், போய் உண்மையச் செல்லு!"

"என்னைய நம்பி ரெண்டு குடும்பம் இருக்கு நானா. இது வெளிய தெரிஞ்சா இனி எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

"அப்ப லெச்சுமணன்ட குடும்பம்?"

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான் என்று கத்தினேன். அவளோடு அன்று நான் போட்டது சண்டை இல்லை. எனக்கு அவள் மேல் வெறுப்பே வந்துவிட்டது, அதையும் சொன்னேன்.

அதன்பிறகு அவள் ஏணியில் ஏறி நின்று எதற்கு ஏறினோம் என்று மறந்துபோவாள். வீட்டுக்காரர்கள் யோசனை சொன்னால் "சரிங்க" என்பாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லெட்சுமணன் அவள் வீட்டுக்கே வந்துவிட்டார். புசல்லாவையிலிருந்து பஸ் ஏறி, கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து வந்திருக்கிறார். கையில் ஒரு பை போஞ்சிக்காய். கதிரையில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"மன்னிச்சிக்கிருங்கம்மா. நீங்க பாத்துப் பாத்துச் செஞ்ச வேல. என்னால ஒங்க பேரு கெட்டுப்போச்சு. சோத்த அப்படியே போட்டுட்டு ஓடியிருக்கணும். புத்தி இல்லாமப் போச்சு."

தோட்டத்தில் எது நடந்தாலும் 'நீ என்ன செஞ்ச?' என்ற கேள்வி முதலில் தொழிலாளியிடம்தான் வரும். கேட்டுக் கேட்டு, கேட்காமலே அவர்கள் ஒப்புக்கொள்வார்கள். நிரஞ்சனி அந்தப் பையை வாங்கினாள். வாங்காமல் என்ன செய்வாள்? அவர் போனதும் அடுப்படியில் உட்கார்ந்து அழுததாக அவள் அம்மா எனக்குப் போன் பண்ணினார்.

திங்கட்கிழமை காலை பேராசிரியரிடம் போனாள். நான் வாசலில் நின்றேன். ஒன்றையும் மறைக்கவில்லை, கம்பி கட்டாததையும், பிறகு திருட்டுத்தனமாகக் கட்டியதையும் சொன்னாள். பேராசிரியர் கேட்டார்.

"ஏன் பிள்ளை அப்பவே சொல்லேல்ல? அந்த மனுசனை நான் எல்லாருக்கும் முன்னால ஏசிப்போட்டன்."

"பயம் சேர்."

அடுத்த தட்டுகளின் வேலை வேறொருவருக்குப் போயிற்று. அதை அவள் எதிர்பார்த்துத்தான் போயிருந்தாள். லெட்சுமணனை வேலையில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவரிடம் நேரில் போய்ச் சொல்லாமல் தனக்குத் தூக்கம் வராது என்றாள். அன்றே லொறியை மலைக்கு விட்டேன்.

லெட்சுமணன் ஓடி வந்து கதவைத் திறந்தார். முகமெல்லாம் சிரிப்பு. இராஜகுமாரி காலை இழுத்து இழுத்து வந்து நிரஞ்சனியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "புரொபசர் ஐயா போன் பண்ணினாருங்கம்மா. எல்லாப் பழியவும் நீங்களே ஏத்துக்கிட்டீங்களாமே. மாரியம்மாவுக்கு ஒங்க பேருல அர்ச்சன வச்சிருக்கோம்."

நிரஞ்சனி கையை உதறிக்கொண்டாள். "ஏத்துக்கல! நான்தான் செஞ்சேன்! எர்த் கம்பிய நான் கட்டல. நீங்க சரியாத்தான் இழுத்தீங்க அண்ணே, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான் பொய்க்காரி. மக்கீன் நானாவக் கேளுங்க!"

"அவ செல்றது உண்மதான், அண்ணன்" என்றேன் நான்.

லெட்சுமணன் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. அக்கம்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சரிங்கம்மா, எங்களுக்காக அழுவாதீங்க. யாரு கேட்டாலும் நானும் அப்படியே சொல்லிர்றேன்."