ஆஸ்துமா அல்ல, சீமை வெங்காரம்

ஞாயிறு பூசை முடிந்து புக்கிட் மெர்தாஜாம் மாதா கோயிலைவிட்டு வெளியே வந்தபோது, பட்டறை மீரா அண்ணனின் மைத்துனர் காசிம் வாசலில் நின்றிருந்தார். கிடைத்த படகில் கடலைக் கடந்து, ரயிலேறி வந்திருந்தார். "அண்ணே, மச்சான் சுபுஹுத் தொழுகை நேரத்துல மௌத்தாயிட்டாரு," என்றார். நாங்கள் சுங்கை பினாங் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தோள் கொடுத்தவர்களில் பாதிப் பேர் நம் பட்டறை ஆட்கள். அவர்களில் மூன்று பேர் இருமிக்கொண்டே நடந்தார்கள்.

மறுநாள் முதலாளி என்னை அழைத்தார். நினைவுக் கூட்டத்தில் வாசிக்க நல்ல வார்த்தையாக நாலு வரி எழுதச் சொன்னார். நெடுநாள் ஆஸ்துமாவால் இறந்தார் என்பதை மறக்காமல் போடச் சொன்னார். எழுதிவிட்டேன் முதலாளி. முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள், நன்றாகக் கேட்கும். நீங்கள் போடச் சொன்னதை மட்டும் போடவில்லை.

வெளியாட்களுக்காகச் சொல்கிறேன். மீரா முகைதீன் எங்கள் பட்டறையில் பன்னிரண்டு வருடம் உலோகம் பற்றவைத்தவர். செம்போ பித்தளையோ, இணைக்கும் இடத்தில் வெங்காரத்தைத் தூவி ஊதுகுழலைப் பிடித்தால், ஒட்டிய இடத்தை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெங்காரம் நமக்கெல்லாம் வீட்டுச் சரக்கு. பிள்ளைகளின் வாய்ப்புண்ணுக்குத் தேனில் குழைத்துத் தடவுகிறோம். பட்டறை ஆட்களும் விரலை நாக்கில் நனைத்து அந்தத் தூளைத் தொட்டெடுப்பார்கள். அந்தப் பழக்கம்தான் எங்களுக்கு எமனாக வந்தது.

கப்பல் சமையலறைகளுக்கும் ஐஸ் ஆலைகளுக்கும் துருப்பிடிக்காத புது எஃகு வரத் தொடங்கியபோது வெங்காரம் பல்லிளித்துவிட்டது. உருக்கிய வெள்ளிப் பற்று ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டது. அதற்கென்று சீமையிலிருந்து வந்த தகர டப்பாவில் பொட்டாசியம் போரோபுளோரைடு என்று அச்சிட்டிருந்தது. பார்வைக்கு அதே வெள்ளைத் தூள். குளிர்ந்த நீரில் லேசில் கரையாது. தீயில் உருகினால் எஃகின் மேலுள்ள மெல்லிய தோலைத் தின்றுவிட்டு, வெள்ளியைத் தண்ணீராக ஓடவிடும். பட்டறையில் அதற்குச் சீமை வெங்காரம் என்று பெயர் வைத்தார்கள். பெயரோடு நாக்கும் விரலும் கூடவே வந்தன.

டப்பாவோடு ஒரு தாள் இருந்தது. சரக்கறையில் கணக்கெழுதும் கிராணியான நான் அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். முதல் பகுதி தூளின் குணம், இரண்டாவது பயன், மூன்றாவது கையாளும் விதம். சுவரில் ஒட்டுவதற்கு முன் முதலாளி மூன்றாவது பகுதியை முழுதும் படிக்காமலே என் கண்ணெதிரே கிழித்தார். "இதப் படிச்சா ஒருத்தனும் வேல செய்ய மாட்டான்லா," என்றார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இந்தச் சாவில் இரண்டாவது குற்றவாளி நான், அந்த இடத்தை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

மீரா அண்ணனிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். அவருக்கோ ரகசியம் பேச வராது. அன்று முதல் எல்லார் மேசையிலும் ஈரத்துணி வைத்தார், நாக்குக்குப் போன விரல்களையெல்லாம் தட்டிவிட்டார். புகையைத்தான் தட்டிவிட முடியவில்லை. காற்றில் தீ அலைகிறது என்று முதலாளி ஜன்னல்களை ஆணி அடித்து வைத்திருந்தார். அந்தத் தூள் அளவுக்கு மேல் காய்ந்தால் வரும் ஆவி, பினாங்கின் ஈரக் காற்றில் வெண்புகையாகித் தொண்டையைக் கடிக்கும். ஒருநாள் மீரா அண்ணன் தன் மேசைக்கு எதிரே இருந்த ஜன்னலைக் காட்டினார். கண்ணாடி கஞ்சித் தண்ணீர்போல வெளுத்திருந்தது. "கண்ணாடிக்கு இருமத் தெரியாது கிராணியாரே. அதான் வெளுத்துக் காட்டுது," என்றார். முதலாளியிடம் போய்ச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்து வைக்கச் சொல்லி அவர் அனுப்பிவிட்டார்.

பிறகு ஒரு காலை, முதலாளியின் மகளுக்கு வாய்ப்புண். வீட்டில் வெங்காரம் தீர்ந்துபோனதென்று முதலாளியே பட்டறைக்குள் வந்து, சீமை டப்பாவிலிருந்து ஒரு பொட்டலம் மடித்தார். மீரா அண்ணன் ஓடி வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மொதலாளி, இது பிள்ள வாயில வைக்கிற சாமான் இல்ல. நீங்க கிழிச்ச தாள்ல இருக்கு. கிராணியாரக் கேளுங்க."

வாய்க்குள் போனால் விஷம் என்று அப்போது நான் சொன்னேன். முதலாளி பொட்டலத்தைப் போட்டுவிட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆக, அன்றே அவருக்கு எல்லாம் தெரியும். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அந்த ஜன்னல்களில் ஓர் ஆணியைக்கூடப் பிடுங்கவில்லை.

கடைசியாகப் பார்க்கப் போனபோது மீரா அண்ணனால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்தபடி மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். நான் முதலாளியைத் திட்டத் தொடங்கினேன். அவர் கையமர்த்தினார். "விடுங்கலா கிராணியாரே. அவரு பிள்ள நல்லா இருக்குல்ல. பட்டறைக்குள்ள இன்னும் நிக்கிறவங்களப் பாருங்க," என்றார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அன்று கிழித்த பகுதி எனக்கு மனப்பாடம். அவருக்கான அஞ்சலியாக அதையே வாசிக்கிறேன். தூளை நாக்கில் வைக்காதே. கண்ணில் படவிடாதே. சாப்பாட்டுக்கு அருகில் வைக்காதே. அமிலத்தோடு சேர்க்காதே. தேவைக்கு மேல் காய்ச்சாதே. புகையைச் சுவாசிக்காதே, காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டும் வேலை செய். கை கழுவாமல் எதையும் உண்ணாதே. அவ்வளவுதான் முதலாளி, உள்ளங்கை அகலத் தாள்.

மீரா அண்ணன் உங்களை மன்னித்துவிட்டார். அது அவர் குணம், அவரோடு கபர்க் குழிக்குள் போய்விட்டது. அவர் வேண்டாமென்று விட்டுப்போன கோபத்தை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். நாளைக் காலை வேலைக்கு வரும்போது ஒரு சுத்தியலும் கொண்டுவருவேன். ஆணிகளை நீங்கள் பிடுங்குகிறீர்களா, ஜன்னல்களை நான் உடைக்கட்டுமா என்பதை இன்றைக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள்.