மூன்றாவது விருப்பம்

அரசாங்க அலுவலகத்திலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன். விண்ணப்பப் பாரங்கள் ஓய்வு பெறவில்லை. லுக்குட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்களோடு வளர்ந்த குடும்பங்கள் இப்போது ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கின்றன. ஆனாலும் எந்தப் பிள்ளைக்கு எந்த விண்ணப்பம் என்றாலும் அது அம்பாங்கானில் என் சாப்பாட்டு மேசைக்கே வந்து சேரும், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. விண்ணப்பங்கள் கணினிக்குப் போய்விட்டன. வாழைப்பழம் இன்னும் கையால்தான் வருகிறது.

சென்ற ஆண்டு தங்கை தன் மகளோடு வந்தாள். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த அந்தப் பெண், விடுமுறையில் லுக்குட்டில் இரும்புக் கதவு செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவள்.

"மாமா, தொழிற்கல்லூரியில வெல்டிங். வேற எதுவும் வேணாம்."

"மூணு விருப்பம் கேக்குறான்மா. விதி."

"முதல்ல வெல்டிங் போடுங்க. மத்த ரெண்டும் உங்க இஷ்டம் லா."

சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் என் கேட்டை ஆட்டிப் பார்த்தாள். கீல் உடைந்து, கம்பியால் கட்டிவைத்த கேட். அதைப் பழுதுபார்க்க முறைப்படி மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்கி, மூன்றையும் நான்கு ஆண்டுகளாகப் பரிசீலித்துக்கொண்டிருந்தேன்.

மேசையில் கணினியோடு நான் தனியாக இருந்தேன். எங்கள் தோட்டத்தில் ஒரே ஒரு மின்விசிறிதான் இருந்தது, கணக்கெழுதும் கிராணியின் அறையில். வெயிலில் பால் வாளி தூக்கிய அத்தனை பேரும் அந்த ஜன்னலைக் கடக்கும்போது ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்கள். கோயிலில் வேண்டிக்கொண்டதும் அதைத்தான்: பிள்ளை ஃபேனுக்குக் கீழே உட்கார வேண்டும். நான் உட்கார்ந்தேன். இவள் மட்டும் நெருப்பின் முன் குந்த வேண்டுமா? முதல் விருப்பம், அலுவலக நிர்வாகம். இரண்டாவது, கணக்கியல். மூன்றாவது, வெல்டிங். அனுப்பிவிட்டு, அச்சுப் பிரதி எடுத்துக் கோப்பில் வைத்து, அவள் பெயரையும் ஒட்டினேன். தவறு செய்தாலும் ஆவணத்தோடு செய்வது என் பழக்கம்.

அலுவலக நிர்வாகத்துக்கு இடம் கிடைத்தது. கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நேரே அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்தாள். என் கோப்புகளில் எதையும் தேட வேண்டியதில்லை.

"மூணாவதா போட்டிருக்கீங்க."

"போட்டிருக்கேன்தானே?"

"மூணாவது விருப்பம் யாருக்காச்சும் கிடைச்சிருக்கா மாமா?"

அந்தக் கேள்விக்கு நாட்டிலேயே சரியான பதில் தெரிந்த சிலரில் நானும் ஒருவன். வாழைப்பழம் உரித்தேன்.

தங்கைதான் குறுக்கே வந்தாள். "அண்ணன் நல்லதுக்குத்தானே செஞ்சாரு. ஜாலியா ஃபேன் கீழே உக்காரலாம்."

"அப்ப நீ போய் உக்காரும்மா. எனக்கு வெல்டிங் இடம் போச்சுன்னா இன்னொரு வருசம் சும்மா கிடக்கணும்." என் பக்கம் திரும்பினாள். "மேல்முறையீடு எப்படி எழுதுறது? உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். பத்து நாள் அவகாசம், காரணம் ஒரு பக்கத்துக்குள், ஆதாரம் தனி இணைப்பு. என் முடிவை எதிர்த்து நானே மனு எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரைவில், கணினிக் கோளாறு என்று எழுதினேன்.

"பாவம், அது என்ன பண்ணுச்சு?" என்றாள்.

இரண்டாவதில், விண்ணப்பம் நிரப்பப்பட்டபோது வரிசையில் மாற்றம் ஏற்பட்டுவிட்டது என்றேன்.

"தானா ஏற்பட்டுச்சா? யாரு மாத்துனா, அதை எழுதுங்க."

மூன்றாவது வரைவில் உண்மையை எழுதினேன். மாணவியின் தாய்மாமனாகிய நான் அவளைக் கேட்காமல் வரிசையை மாற்றினேன், தவறு என்னுடையது. பணியில் இருந்த காலமெல்லாம் இப்படி ஒரு வாக்கியத்தில் நான் கையெழுத்திட்டதில்லை.

"ஆதாரம்?" என்றேன்.

மறுநாள் பட்டறையிலிருந்து இயந்திரத்தைக் கடன் வாங்கி, கருப்புக் கண்ணாடி முகமூடியோடு வந்தாள். மதியத்துக்குள் கேட் ஒற்றை விரலுக்குத் திறந்தது. பழைய கீல், புதிய கீல் இரண்டின் படத்தையும் இணைப்பாக வைத்தேன். மூன்று விலைப்புள்ளிகளையும் கிழித்துப் போட்டேன், பதிவேட்டில் குறிக்காமலேயே.

மூன்று வாரத்தில் வெல்டிங்குக்கு இடம் வந்தது. கூடவே விடுதிக்கு ஒரு பாரம். அதையும் என் மேசைக்குத்தான் கொண்டுவந்தாள். நான் பேனாவை எடுத்தேன். அவள் அதை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, நிரப்பி முடித்த பாரத்தை என் முன்னால் நீட்டினாள்.

"சரியா இருக்கான்னு பாருங்க மாமா. தொடக்கூடாது."

கைகளைக் கட்டிக்கொண்டு படித்தேன். ஒரு பிழைகூட இல்லை.