அந்தோணிமேரி கேட்ட தடம்

“கெழக்கு எதுங்க?” என்று கேட்காமல் அந்தோணிமேரி எந்த அறையிலும் உட்கார மாட்டாள். கல்யாண வீடானாலும் சரி, டாக்டர் வீடானாலும் சரி, முதல் கேள்வி அதுதான். மாலை வகுப்பு நடக்கும் கட்டடத்தில் கரும்பலகை தெற்குச் சுவரில் இருந்தது. வாத்தியார் அதில் ஒரு புன்செய்க் காட்டின் படத்தைப் போட்டால் வடக்கு மேலே நிற்கும். நிஜ வடக்கோ மாணவர்களின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மற்றவர்கள் பார்த்ததை அப்படியே வரைந்து நோட்டை மூடுவார்கள். அந்தோணிமேரி மட்டும் வரைந்து முடித்ததும் நோட்டைத் தலைகீழாகத் திருப்பி வைப்பாள். ஒவ்வொரு எல்லையையும் விரலால் தொட்டு, அந்தத் திசையில் ஒரு முறை தலையைத் திருப்பிப் பார்ப்பாள். அங்கே சுவர்தான் இருக்கும். ஆனாலும் பார்ப்பாள்.

இரண்டு பெஞ்சு பின்னால் உட்கார்ந்து குழந்தைவேல் பல்லைக் கடிப்பார். அவருக்கு அந்தோணிமேரி மேல் ஏழு வருஷத்துக் கோபம்.

குழந்தைவேல் கொண்டப்பநாயக்கன்பட்டியில் நிலத் தரகர். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். இருபது வருஷமாக மலையடிவாரத்துக் காடுகளை வாங்கிக் கொடுத்ததும் விற்றுக் கொடுத்ததும் வாய்ப்பேச்சில்தான். எழுபத்தேழாம் வருஷம் வள்ளியாத்தாள் என்கிற விதவை தன் இரண்டு ஏக்கரை விற்கக் கிளம்பியபோது, இளம்பிள்ளையில் தறி போட்டிருந்த அர்த்தநாரியை வாங்குவதற்குப் பிடித்து வந்தவர் அவர்தான். பத்திரம் எழுதும் கடையில் எல்லாரும் கூடினார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் மயில்சாமி சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்தார். அவர் குழந்தைவேலின் தங்கை சௌந்திரத்தைக் கட்டியவர். ரோட்டிலிருந்து வள்ளியாத்தாள் காட்டுக்குப் போகும் வண்டித் தடம் மயில்சாமி காட்டுக்குள்தான் போனது. பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. அடுத்த காட்டுக்காரன் சாட்சிக்கு வந்து நின்றாலே தடம் விட்டதாக அர்த்தம். அவனை எதிரில் வைத்துக்கொண்டு தடத்தை எழுது என்று சொன்னால், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி.

அந்தக் கடையில், எழுதிய பத்திரத்தைக் கையெழுத்துக்கு முன்னால் உரக்க வாசித்துக் காட்டுகிற வேலை அந்தோணிமேரிக்கு. வாசித்துக்கொண்டே வந்தவள் எல்லை சொல்லும் இடத்தில் நிறுத்தினாள்.

“நாலு பக்கமும் அடுத்தவங்க காடாவே இருக்குதுங்களே. தடம் எங்கீங்க?”

மயில்சாமியின் முகம் கறுத்துவிட்டது. அர்த்தநாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பத்திரம் அத்தோடு நின்றது. அடுத்த மழைக்கு மயில்சாமி தடத்தையும் சேர்த்து உழுது குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை நட்டுவிட்டார். “தடம் எங்கேன்னு கேட்டாங்கல்ல, இப்பத் தேடிக்கட்டும்” என்றார். அன்றிலிருந்து வள்ளியாத்தாள் காட்டுக்கு வண்டி போவதில்லை. எரு உள்ளே போவதும் தலைச்சுமை, விளைந்தது வெளியே வருவதும் தலைச்சுமை. தடம் இல்லாத காட்டைக் கேட்டு ஒருத்தரும் அந்தப் பக்கம் வரவில்லை.

“அந்தப் பொம்பள வாய மூடிட்டு இருந்திருந்தா, தடம் இன்னைக்கும் தடமாவே கெடந்திருக்கும்” என்று குழந்தைவேல் ஏழு வருஷமாகச் சொல்லி வந்தார். தான் அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பேர்ப்பட்டவர் வகுப்புக்கு வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் புதிதாக வந்த மனை வியாபாரம். மனை கேட்டு வருகிறவர்கள் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்தார்கள். மண்ணைப் பார்க்கவில்லை, தண்ணீரைக் கேட்கவில்லை. மூலப் பத்திரம் உண்டா, பதிமூன்று வருஷத்து வில்லங்கம் பார்த்தாச்சா என்று கேட்டார்கள். செவ்வாய்ப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சர்ச்சின் வளாகத்தில் ஆறு மாத மாலை வகுப்பு நடக்கிறது, நிலம் வாங்கல் விற்றல் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்து சேர்ந்தார். முதல் நாள் உள்ளே நுழைந்தால் முன் பெஞ்சில் அவள்.

இருபத்திரண்டு பேரில் ஒரே பெண். முப்பத்தெட்டு வயது. தலையை இறுக்கிப் பின்னிக் கொண்டை போட்டிருப்பாள். தோளில் ஒரு தகரக் குழாய் தொங்கும். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்யும் அவள் புருஷன் லாசர், மிச்சத் தகட்டில் செய்து கொடுத்தது. பழைய பெயிண்டில் ‘நா’ என்ற ஒரு எழுத்து மட்டும் அதில் மிஞ்சியிருந்தது. நாமக்கல் லாரியாக இருக்கும். வரைபடங்களை மடித்தால் கோடு போய்விடும் என்று அந்தக் குழாய்க்குள் சுருட்டிப் போட்டுக்கொள்வாள்.

வாசிப்பதை அவளால் நிறுத்த முடியாது. பஸ் டிக்கெட்டை வாசிப்பாள். கடலை பொட்டலம் கட்டிய தாளைப் பிரித்து, கடலையை லாசரிடம் கொடுத்துவிட்டுத் தாளை வாசிப்பாள். பாதியில் கிழிந்திருந்தால் அவளுக்குத் தாங்காது. “மிச்சக் கதை எவன் தின்ன கடலையில போச்சோ” என்பாள். குரல் ஒரே சீராகப் போகும். பத்திரத்தில் புள்ளி கிடையாது, கமா கிடையாது. எங்கே மூச்சு விடவேண்டும் என்று பன்னிரண்டு வருஷத்தில் அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

வகுப்பில் அவளைக் கிண்டல் செய்யாதவர்கள் குறைவு. தங்கசாமி என்று ஒரு அரிசி மண்டிக்காரர், “ஏனம்மா, பொம்பள காட்டி எவனாச்சும் காடு வாங்குவானா?” என்று கேட்டார்.

“பொண்ணு பார்க்கப் போறப்ப மட்டும் பொம்பள சொல்றதக் கேட்டுத்தானுங்களே முடிவு பண்றீங்க” என்றாள் அந்தோணிமேரி. “அதவிடவா காடு பெரிசு?”

அரிசி மண்டிக்காரர் அதற்கப்புறம் அவளிடம் சந்தேகம் மட்டும்தான் கேட்டார்.

வாத்தியார் வெங்கடாசலம் தாலுகா ஆபீசில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் எல்லாரையும் ஊருக்கு வெளியே ஒரு காட்டுக்குக் கூட்டிப்போய், கையில் ஆளுக்கொரு படத்தைக் கொடுத்து, மூலைக் கல்லைக் கண்டுபிடிக்கச் சொன்னார். மப்பு போட்டிருந்தது. சூரியன் இல்லை. இருபத்தொரு பேரும் ஒருத்தர் பின்னால் ஒருத்தர் போய் யாருடையதோ ஒரு துவைக்கும் கல்லைச் சுற்றி நின்றார்கள். முன்னால் போனவர் குழந்தைவேல்தான். இருபது வருஷத் தரகர் என்று நம்பி மற்றவர்கள் பின்னால் போய்விட்டார்கள். அந்தோணிமேரி ரோட்டிலேயே நின்றாள். அங்கே மாடு மேய்த்த அம்மாவிடம் கிழக்கைக் கேட்டாள். தாளைத் திருப்பினாள். பிறகு உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே நடந்தாள். சர்வே சங்கிலிக் கணக்கில் நூறு லிங்க், அதாவது அறுபத்தாறு அடி, போக அவளுக்கு முப்பது எட்டு வைக்க வேண்டும். சர்ச் வாசலுக்கும் மணிக்கூண்டுக்கும் நடுவில் மாதக் கணக்கில் நடந்து காலைப் பழக்கியிருந்தாள். நின்ற இடத்தில் கோரைப் புல்லைக் காலால் விலக்கினாள். கல் இருந்தது.

குழந்தைவேல் அன்றைக்குப் பல்லைக் கடிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, தன் எட்டுக்கு எத்தனை அடி என்று யோசித்துக்கொண்டே வந்தார்.

கடைசி இரண்டு மாதத்தில் ஆளுக்கொரு நிஜ நிலத்தை எடுத்து, அதன் பத்திரம், பட்டா, படம் எல்லாம் சேர்த்து, விற்கும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றார் வாத்தியார். யார் எந்த நிலம் என்று வாசித்தபோது, அந்தோணிமேரியின் பேருக்கு நேரே வள்ளியாத்தாளின் இரண்டு ஏக்கர் இருந்தது.

குழந்தைவேல் வாசலில் அவளை மறித்தார். “ஏனம்மிணி, சேலத்தச் சுத்தி உனக்கு வேற காடே கெடைக்கலையா?”

“கெடைக்குதுங்கண்ணா. நான் கேட்டு அடைச்ச தடம் அது ஒண்ணுதானுங்களே.”

“நீ எங்க அடைச்ச? உழுதவன் எம்மாப்பிள்ளை.”

“உழுதது அவருதான். நான் கேட்டதும் தப்பில்லீங்க. கேட்டுப்போட்டு, பதில் வாரதுக்குள்ள அடுத்த பத்திரத்தக் கையில எடுத்துட்டேன் பாருங்க, அதுதான் தப்பு.” தகரக் குழாயைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள். “பன்னெண்டு வருசமா ஊர்க்காட்டையெல்லாம் வாசிச்சேன். ஒண்ணுலயாச்சும் கால வச்சதில்லீங்கண்ணா. அந்தம்மா ஏழு வருசமாத் தலையில சொமக்குதுன்னு போன மாசந்தான் எனக்குத் தெரியும். இந்தக் காட்ட வித்துக் குடுத்துட்டேன்னா, அப்புறம் நானும் தரகருன்னு போர்டு எழுதிக்குவேன். இல்லைன்னா பழையபடி வாசிக்கப் போறேன்.”

குழந்தைவேல் அவளிடம் டீ குடிக்கிறாயா என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை.

தாலுகா ஆபீசுக்கு அவள் நான்கு தடவை போனாள். நாலாவது தடவை பழைய சர்வே புலப்படத்தின் நகல் கைக்கு வந்தது. மயில்சாமி காட்டுக்குள் இரட்டைப் புள்ளிக்கோடாகத் தடம் ஓடியது, ரோட்டிலிருந்து தெற்கே வள்ளியாத்தாள் காடு வரைக்கும் முந்நூற்றுப் பத்து லிங்க். வாத்தியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நெடுநேரம் பார்த்தார்.

“தாள்ல இருக்குதம்மா. ஆனா கோர்ட்டுக்குப் போனீன்னா, தீர்ப்பு வர்றதுக்குள்ள அந்தம்மா போய்ச் சேர்ந்துரும். நம்ம பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. அந்தத் தடத்துல வண்டி ஓட்டுன ஆளு ஒருத்தர், செருப்பில்லாம, உழுதவரு கண்ணெதிர்ல நடந்து காட்டோணும். மண்ணு மேல வெறுங்காலோட நடந்தவனை ஊரு பொய்யன்னு சொல்லாது. அப்புறம் உழுதவரு தடம் இல்லைன்னு சொல்ல மாட்டாரு. ஆளு இருக்குதா?”

“தேடறேனுங்க சார்” என்றாள் அந்தோணிமேரி. பின் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினெட்டு வயதில் அப்பாவின் எருவண்டியை அந்தத் தடத்தில் நூறு தடவை ஓட்டியவர் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்க வேண்டாமா, முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தார். ஒரு வாரம் போனது. அவள் கேட்கவில்லை. அந்தத் தடத்தில் முன்பு வண்டி ஓட்டிய செங்கோடனைத் தேடி அவள் போனாள், அவருக்குக் கண் தெரியவில்லை. இன்னொருவரைத் தேடிப் போனாள், அவர் மயில்சாமியிடம் கடனுக்குக் கை நீட்டியிருந்தார். இன்னொரு வாரம் போனது. கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம். கேட்காமல் விட்டது குழந்தைவேலைச் சோறு தின்ன விடவில்லை.

“அவ எதுக்கு உங்களக் கேக்கோணும்?” என்றாள் அவர் மனைவி பாப்பாயி. வகுப்பு விஷயம் அவளுக்கு முதல் வாரமே தெரியும். “ஏழு வருசமா அவள வஞ்சது ஊருக்கே தெரியுமே.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பத்து மணி டவுன் பஸ்ஸில் அந்தோணிமேரி வந்து இறங்கினாள். நடந்து காட்ட ஆள் இல்லை. தானே அளந்து பார்த்து, மயில்சாமியிடம் கேட்டுப் பார்ப்பது என்று வந்திருந்தாள். வள்ளியாத்தாள் தலையில் சோளத்தட்டுக் கட்டோடு வரப்பில் எதிரே வந்தாள். கட்டை இறக்காமலே, “வந்துட்டியா சாமி” என்றாள். குழந்தைவேல் தற்செயலாக வந்த மாதிரி ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றார். அந்தோணிமேரி அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு வடக்கைத் தேடினாள். அங்கே யாரையும் கேட்கத் தேவையில்லை. மலையே நின்றது.

மயில்சாமி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். “என்ன மச்சான், நீங்களும் காலேசுப் பையனாயிட்டீங்களாமா?”

“ஆமா மாப்பிள்ளை. இங்கிலீசு ஒண்ணுதான் பாக்கி.”

மயில்சாமி சிரித்தார். அந்தோணிமேரி தாளை விரிப்பதைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. “குச்சிக்கெழங்குக்குள்ள தடம் தேட வந்தியா அம்மிணி?”

“தேட வரலீங்க. இருக்குது. இந்த எல்லைக் கல்லுல இருந்து தொண்ணூத்தி மூணு எட்டு.” அவள் குரலில் சண்டை இல்லை. பத்திரம் வாசிக்கிற அதே சீரான குரல். “எழுபத்தேழுல உங்க எதிர்ல அப்படிக் கேட்டது உங்க மனசுக்குக் கஷ்டமாப் போச்சுன்னு அப்பத் தெரியலீங்க. அதுக்கு மன்னிச்சுக்கோணும். கேட்டத மட்டும் இன்னைக்கும் கேப்பேனுங்க.”

மயில்சாமி மண்வெட்டியை மண்ணில் ஊன்றி, காம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

அந்தோணிமேரி குனிந்து தாளைப் பார்த்தாள். கோடு ரோட்டிலிருந்து நேராக இறங்கி, நடுவில் ஒரு மரத்தைச் சுற்றிக்கொண்டு வளைந்தது. நிமிர்ந்து பார்த்தாள். மரம் வெட்டி எத்தனையோ வருஷமாகிவிட்டது. இடுப்பு உயரத்துக்கு மரவள்ளி நின்றது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. முதல் தடவையாக அவள் முகத்தில் வழி தெரியாத களை வந்ததைக் குழந்தைவேல் பார்த்தார். அந்த மரம் வேம்பு. அது எங்கே நின்றது என்று அவர் காலுக்குத் தெரியும். வலப்பக்கச் சக்கரம் ஒவ்வொரு தடவையும் அதன் வேரில் ஏறி இறங்கும்.

அவள் திரும்பி அவரை நேராகப் பார்த்தாள். தெற்கே போக வேண்டும் என்பதால் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, நீங்க முன்னால நடங்க. நான் எண்ணிக்கிட்டே பின்னால வாரேன்.”

குழந்தைவேல் மாப்பிள்ளையின் முகத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து, கல்லின் ஓரமாக வைத்தார்.