என்னை இடித்த என் வண்டி

எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் நான் டிரில் மாஸ்டர். மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள் என்று பிள்ளைகள் சொல்வார்கள், பொய்யில்லை. என்னைப் போலவே உறுமுகிற மோட்டார் சைக்கிள் ஒன்றும் பத்து வருடமாக வைத்திருந்தேன். குளிரில் அதை உதைத்து உதைத்து முட்டி தேய்ந்ததும், கிளாவரையில் பூண்டு போடும் விவசாயி ஒருவருக்கு விற்றேன். படிவங்களில் கையெழுத்துப் போட்டு, ஆர்.சி. புத்தகத்தையும் கையில் கொடுத்து, "வெரசா பேர மாத்திருங்க" என்றேன்.

"நாளைக்கே போறேன் சார்."

ஐந்து மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலை, பிள்ளைகளை ஏரி ரோட்டில் ஓடவிட்டுப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். பனிமூட்டத்துக்குள் பழகிய உறுமல். அட, நம்ம வண்டி என்று ஆசையாகத் திரும்பியதுதான் தாமதம், இடித்துத் தள்ளிவிட்டது. ஓட்டி வந்தவர் அதே கிளாவரைக்காரர்தான். "ஐயோ சார், நீங்களா!" என்று என்னைவிடச் சத்தமாக அலறினார். என் வலது கால் முறிந்திருந்தது.

டிரில் மாஸ்டருக்குக் கால் போனால் சோலியும் போன மாதிரிதான். நான் கட்டிய இன்சூரன்ஸுக்கு இன்னும் நாள் இருந்ததால், நஷ்டஈடு கேட்கலாம் என்று மாவுக்கட்டோடு நொண்டிக்கொண்டு அந்த ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்தவர் போலீஸ் ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"இன்னும் ஒங்க பேர்லதானே வண்டி இருக்கு? ஒங்க மேல நீங்களே கேஸ் போடுவீங்களா சார்?"

"நான் வித்துட்டேங்க!"

"வித்தத எங்களுக்கு எழுதிக் குடுத்தீங்களா? இல்லேன்னா பாலிசியே செல்லாது."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. "இதே வண்டி வேற யாரையாவது இடிச்சிருந்தா?" என்று கேட்டேன்.

"கோர்ட்டு நோட்டீஸ் மொதல்ல ஒங்க வீட்டுக்குத்தான் வரும்" என்றார், டீயை உறிஞ்சிக்கொண்டே. கிளாவரை ரோட்டில் எத்தனை வளைவு, எத்தனை ஆள், எத்தனை ஆடு மாடு! அத்தனைக்கும் நானா பதில் சொல்வது? எப்படியாவது என் பேரை அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்.

கேரட் மூட்டையோடு என்னைப் பார்க்க வந்த கிளாவரைக்காரர் மேல் பாய்ந்தேன். "ஏன்யா, அஞ்சு மாசமா பேர மாத்தாம என்னய்யா செஞ்ச?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்கண்ணன் முன்னாடி ஒரு வண்டி வாங்கித் தன் பேருக்கு எழுதுன மறுவாரமே பள்ளத்துல போயிட்டான் சார். ஒங்க பேரு பத்து வருசம் விழாத ராசியான பேரு. அதான் மாத்த மனசு வரல."

"ராசியாவது மண்ணாங்கட்டியாவது! ஒம்ம ராசிக்காரன் கெடக்கிற கெடையப் பாரும்யா!" என்று கட்டுப்போட்ட காலைக் காட்டினேன்.

"உசுரு இருக்குல்ல சார்" என்றார். இந்த மனுசனிடம் என்னத்தைப் பேச?

மறுவாரமே அவரைப் பஸ்ஸில் ஏற்றிக் கீழே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கூட்டிப்போய், பேர் மாறி முத்திரை விழும்வரை நகரவிடவில்லை. திரும்பி வந்ததும், என் வாசலில் நிறுத்தியிருந்த வண்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கிளாவரைக்குக் கிளப்பினார். அவர் போன கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

அன்றைக்கு ராத்திரி சோற்றை மூடி வைத்துவிட்டேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன், ராசி கீசியெல்லாம் நம்பாதவன், மழையைப் பார்த்தபடி அந்த ஆளுக்காக ஜெபம் பண்ணிக்கொண்டே கிடந்தேன். பொழுது விடிந்ததும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கிளாவரையிலிருந்து வரும் முதல் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன்.

பஸ் நிற்குமுன்பே கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டார். "சார், ஒங்க வண்டி நேத்தே பத்திரமா ஊரு வந்து சேந்துருச்சு, ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு!"

"நம்ம வண்டியாச்சேப்பா!" என்றேன். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.