எப்போதும் பச்சை காட்டிய சுவர்

எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய தொலைக்காட்சி மாட்டியிருந்தது. அதில் செய்தியும் ஓடாது, நாடகமும் ஓடாது. இரண்டு வட்டங்கள் மட்டும் தெரியும். நாங்கள் பராமரித்த இரண்டு சேர்வர் கணினிகளும் ஒழுங்காக இருந்தால் வட்டங்கள் பச்சை. ஒன்று படுத்துவிட்டால் அதற்குரிய வட்டம் சிவப்பு. நாங்கள் சேர் என்று கூப்பிடும் முதலாளி காலையில் வந்ததும் தன் மோட்டார் சைக்கிள் திறப்பால் அந்தக் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டுவார். பச்சையாக இருந்தால்தான் கதிரையில் இருப்பார். சிவப்பாக இருந்தால் நின்றபடியே எங்கள் எல்லோரையும் பார்ப்பார்.

நன்மை செய்தவர்களையும் இறந்துபோனவர்களையும் பற்றித்தான் வழக்கமாக இப்படி எழுதுவார்கள். சேர் இரண்டிலும் சேர்த்தியில்லை. கோப்பாயில் ஒரு வீட்டின் மேல்மாடியில் மென்பொருள் நிறுவனம் நடத்தியவர், என்னுடைய முதல் முதலாளி. எனக்கு ஒரு பெரிய அநியாயம் செய்தவர். அதற்கு நான் பதில் செய்தேன். இரண்டையும் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

நாங்கள் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வேலை செய்தோம். நோயாளர் தன் இலக்கத்தைப் போட்டால் அறிக்கை கைத்தொலைபேசியில் தெரியும். மருத்துவமனைகளும் அப்படியே பார்க்கும். கேட்டு வருகிறவர்களை இரண்டு சேர்வர்களுக்கும் பிரித்து அனுப்ப முன்னால் லோட் பலன்சர் என்று ஒன்று இருந்தது. கோயில் வாசலில் நின்று சனத்தை இரண்டு வரிசையாகப் பிரித்து விடுகிறவரைப் போன்ற வேலை அதற்கு. பத்து வினாடிக்கு ஒருமுறை அது ஒவ்வொரு சேர்வரையும் விசாரிக்கும். மூன்று முறை சரியான பதில் வராவிட்டால் அந்தப் பக்கம் ஆள் அனுப்புவதை நிறுத்திவிடும். என்ன கேட்டு விசாரிப்பது, எத்தனை தடவை பொறுப்பது என்பதையெல்லாம் ஒரு கோப்பில் நிரலாக எழுதிவைப்பது என் பொறுப்பு. வெறுமனே "இருக்கிறாயா" என்று கேட்டால் போதாது, "அறிக்கைகள் உள்ள தரவுத்தளத்தை உன்னால் தொட முடிகிறதா" என்று கேட்க வேண்டும் என்று நான் எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. அந்தப் பன்னிரண்டு வரிகளைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது.

அந்தக் கேள்வி கடுமையானது என்பதால் தரவுத்தளம் கொஞ்சம் மெதுவானாலும் வட்டம் சிவந்தது. பரிசோதனை நிலையத்தார் அலுவலகம் பார்க்க வரவிருந்த வாரம் அது. சேர் என் மேசைக்கு வந்தார்.

"உந்தக் கேள்வியை ஒருக்கா மாத்திவிடும் பிள்ளை. வாற ஆக்களுக்கு முன்னாலை சிவப்புக் காட்டக்கூடாது."

"காத்திருக்கிற நேரத்தைக் கூட்டிவிடுறன் சேர். கேள்வியை மாத்தினால் பிறகு எப்பவும் பச்சைதான் காட்டும். உள்ளுக்குச் செத்துக் கிடந்தாலும் தெரியாது."

அவர் திறப்பைச் சுழற்றிக்கொண்டு போனார். மறுநாள் வியாழக்கிழமை. அப்பாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு சாவகச்சேரி மருத்துவமனைக்குப் போனேன். காலை பத்து மணியிலிருந்து மாலை மூன்று மணிவரை அங்கே வாங்கில் இருந்தோம்.

திங்கட்கிழமை காலையில் ஒரு சேர்வருக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான தொடர்பு அறுந்தது. சுவரில் இரண்டு வட்டங்களும் பச்சையாகவே இருந்தன. லோட் பலன்சர் பாதிச் சனத்தை அந்தச் செத்த சேர்வருக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. அங்கே போனவர்களுக்கு வெறும் பக்கம்தான் தெரிந்தது. அறிக்கை இல்லை என்று நினைத்த பரிசோதனை நிலையத்தார் நோயாளர்களைத் திரும்பவும் இரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். நெடுந்தீவிலிருந்து முதல் படகில் சாப்பிடாமல் வந்த ஒரு சீனிவருத்தக்கார அம்மா இரண்டாம் தரமும் இரத்தம் கொடுத்துவிட்டுப் படியில் மயங்கி விழுந்து நெற்றியில் தையல் போட வேண்டி வந்தது. நாங்கள் கண்டுபிடித்தபோது மதியம் ஆகிவிட்டது.

அடுத்த நாள் கூட்டம். பரிசோதனை நிலையத்தின் டொக்டர் வந்திருந்தார். ஐம்பது வயதுப் பெண், அதிகம் கதைக்காதவர். எங்கள் ஆட்கள் ஐந்து பேரும் இருந்தோம். சேர் நிரலில் நடந்த மாற்றங்களின் பதிவை அதே தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினார். என் கேள்வி எடுக்கப்பட்டு, எப்போதும் "சரி" என்று மட்டும் சொல்லும் ஒரு வெற்றுப் பக்கத்தை விசாரிக்கும்படி ஒரு வரி மாற்றப்பட்டிருந்தது. மாற்றியவர் என்ற இடத்தில் என் பெயர்.

"இந்தப் பிள்ளையின்ரை கவனக்குறைவு. இண்டையோடை இவவை நிப்பாட்டுறன்" என்றார் சேர்.

நான் பெயரைப் பார்த்தேன், நேரத்தைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கடவுச்சொல்லும் சேரின் கொப்பியில் எழுதியிருந்தது என்பதுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை. எழுத்தில் என் பெயர் இருந்ததைக் கண்டதும் நான்தான் ஏதோ ஒரு மறதியில் செய்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அவர் செய்தவற்றில் நான் இன்றுவரை மன்னிக்காதது அதைத்தான். வேலையைப் பறித்ததோடு நிற்காமல், என் நினைவை நானே நம்பாதபடி செய்துவிட்டார். பல மாதங்கள் அந்த அம்மாவின் நெற்றியை நான் கனவில் கண்டேன்.

யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழில் செய்யும் இடங்கள் அதிகமில்லை. மூன்று இடங்களுக்கு நேர்முகத்துக்குப் போனேன். மூன்று இடத்திலும் இரண்டாவது கேள்வியே அந்தத் திங்கட்கிழமையைப் பற்றித்தான். சேர் மூன்று பேருக்கும் தொலைபேசியில் கதைத்திருந்தார். பிறகு சாவகச்சேரி நீதிமன்றத்துக்கு முன்னால் சித்தப்பா வைத்திருந்த போட்டோக்கொப்பிக் கடையில் போய் இருந்தேன். காலை முதல் காணி உறுதிகள், மனுக்கள், பிறப்புச் சான்றிதழ்கள். யார் வென்றார்கள், யார் தோற்றார்கள் என்பது நீதவான் சொல்வதற்கு முன்னமே அவர்கள் கொண்டுவரும் கடதாசிகளில் எனக்குத் தெரியத் தொடங்கியது.

பதினொரு மாதம் கழித்து அலுவலக அக்கா அந்தக் கடைக்கு வந்தார். சேரின் அலுவலகத்தில் வரவு, விடுமுறை எல்லாம் பார்த்தவர் அவர்தான். மகனின் பள்ளிக்கூடத்துக்கு ஏதோ பிரதி எடுக்க வந்தவர், என்னிடம் இரண்டு தாள்களை நீட்டினார். ஒன்று மாற்றங்களின் பதிவு: வியாழக்கிழமை பன்னிரண்டு பத்துக்கு, அலுவலகத்தில் இருந்த என் கணினியிலிருந்து. மற்றது விரல் அடையாள இயந்திரத்தின் வரவுத் தாள்: அந்த வியாழன் முழுவதும் நான் விடுமுறை. மதியம் உள்ளே இருந்தவர்கள் அக்காவும் சேரும் மட்டும்.

"அவர் உம்மடை மேசையிலை இருந்ததை நான் கண்டனான் பிள்ளை. கூட்டத்திலை சொல்லப் பயமாய் இருந்தது. இப்பவும் பயம்தான்."

அவரை நான் கோபிக்கவில்லை. கோபத்தை முழுதாக ஒருவருக்கே சேர்த்துவைக்க வேண்டியிருந்தது. தாள்களை அன்றைக்கே யாரிடமாவது காட்டியிருக்கலாம். ஆனால் அந்தக் கடையில் இருந்து நான் கற்றது, கடதாசி இருந்தால் மட்டும் போதாது, அதை யார் முன்னால் வைக்கிறோம் என்பதும் முக்கியம். வைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டே கொழும்பு நிறுவனம் ஒன்று வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கு என்னை எடுத்தது. சேரின் தொலைபேசி அவ்வளவு தூரம் எட்டவில்லை. இணுவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு மூன்று வருடம் இதே வேலையைத்தான் செய்தேன். பெரிய பெரிய இடங்களின் சேர்வர்களை எப்படி விசாரிப்பது என்று எழுதினேன். எழுதும் ஒவ்வொரு முறையும் சேரை நினைத்துக்கொண்டேன்.

சேருடனான ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கு முன் வெளியாள் ஒருவர் எல்லாவற்றையும் பரிசோதிக்க வேண்டும் என்று டொக்டர் எங்கள் கொழும்பு நிறுவனத்தைக் கேட்டார். யாழ்ப்பாணத்தில் இருப்பவள் என்று அவர்கள் என்னையே அனுப்பினார்கள். நான் முதலில் டொக்டரிடம் போனேன். மறைத்துவிட்டுச் செய்தால் பழிக்குச் செய்தாள் என்று எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"எனக்கும் அவருக்கும் பழைய கணக்கு ஒண்டு இருக்கு டொக்டர். வேறை ஆளைப் போடுறதெண்டால் போடுங்கோ."

"அழுதுகொண்டு படியிறங்கின பிள்ளை நீங்கள்தானே. எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். "நீங்களே செய்யுங்கோ. ஆனால் நான் என்ரை கண்ணாலை பாக்கக்கூடியதை மட்டும்தான் நம்புவன்."

நிரலை அனுப்பிவைத்தார்கள். கோப்பைத் திறந்தேன். என்னைத் துரத்துவதற்குக் காரணமாக இருந்த அந்த ஒரு வரி அப்படியே இருந்தது. நான்கு வருடம் கழித்தும் அதே வெற்றுப் பக்கம்தான், அதே "சரி"தான். யாரும் திருத்தவில்லை. என் கவனக்குறைவு என்று உண்மையாகவே நினைத்திருந்தால் அன்றைக்கே திருத்தியிருப்பார். அந்த வரியைக் கண்டபோது எனக்கு வந்தது மகிழ்ச்சி என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எழுந்து முற்றத்தில் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

பரிசோதனை நிலையம் பூட்டியிருக்கும் ஒரு ஞாயிறு முற்பகலில் அதே மேல்மாடிக்குப் போனேன். டொக்டர் கேட்டபடி எல்லோரும் வந்திருந்தார்கள். சேருக்குத் தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் "இருங்கோ" என்றார். முன்பு ஒருபோதும் என்னை அப்படிப் பன்மையில் கூப்பிட்டதில்லை. அவருடைய சம்மதத்தோடே ஒரு சேர்வருக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான தொடர்பை நிறுத்தினேன். எல்லோரும் சுவரைப் பார்த்தோம். இரண்டும் பச்சை.

"ரண்டு நிமிசம் பொறுங்கோ, மாறும்" என்றார் சேர்.

பொறுத்தோம். அரை நிமிடத்திலேயே மாறியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். என்றாலும் இருபது நிமிடம் நான் வாய் திறக்கவில்லை. அவருடைய நெற்றியில் வியர்வை வருவதையும், அவர் அதைத் துடைக்காமல் இருக்க முயல்வதையும், பிறகு துடைப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். டொக்டர் தன் தொலைபேசியில் ஒரு நோயாளரின் இலக்கத்தைப் போட்டார். வெறும் பக்கம். திரும்பப் போட்டார், அறிக்கை வந்தது. இன்னொருதரம் போட, மறுபடியும் வெறும் பக்கம். அவர் சுவரையும் தொலைபேசியையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த இருபது நிமிடத்தைப் போல நான் ருசித்து இருந்த நேரம் என் வாழ்க்கையில் வேறில்லை.

பிறகு இரண்டு தாள்களையும் மேசையில் வைத்தேன். அவை எங்கிருந்து வந்தன என்று சேர் சுற்றிப் பார்த்ததும் அக்கா குனிந்துகொண்டார்.

"உவ பழசை மனசிலை வைச்சுக்கொண்டு கதைக்கிறா டொக்டர்."

"மனசை விடுங்கோ. நேரத்தைப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார் டொக்டர்.

சேர் தாளை எடுத்தார், வைத்தார். "ஓம். நான்தான் மாத்தினனான்" என்றார். சத்தம் வெளியே வரவில்லை. டொக்டர் கேட்கவில்லை என்று சொன்னதால் இன்னொருமுறை சொன்னார்.

எழுதித் தரும்படி கேட்டேன். மூன்று பிரதி, அவர் தொலைபேசியில் கதைத்த மூன்று இடங்களுக்கும்.

"மன்னிப்புக் கேட்டால் காணாதே?"

"காணாது சேர்."

எழுதினார். "தவறு நடந்துவிட்டது" என்று எழுதியிருந்தார். தவறு தானாக நடக்காது, யார் செய்தது என்று எழுதுங்கள் என்றேன். "என் பக்கத்திலிருந்து மாற்றப்பட்டது" என்று எழுதினார். அதையும் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது தாளில்தான் "அவருடைய பெயரைப் பயன்படுத்தி நான் மாற்றினேன்" என்று வந்தது. அவருடைய பிள்ளைகளின் வயதில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

ஒப்பந்தம் போயிற்று. சில மாதங்களில் மேல்மாடியும் பூட்டப்பட்டது. மூன்று இடங்களில் ஒன்று என்னை வேலைக்குக் கூப்பிட்டது, நான் போகவில்லை.

போன ஆவணியில் அக்கா இணுவிலுக்கு வந்தார். அலுவலகம் பூட்டியபின் அவருக்கும் வேலையில்லை. எங்கள் நிறுவனத்தில் கேட்டுப் பார்க்கவா என்றேன். அவர் அதற்கு வரவில்லை. சேர் திருகோணமலையில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார், அவருடைய வேலையைக் கடைசியாகப் பரிசோதித்தவள் என்று அவர்கள் என்னைக் கேட்பார்களாம், ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமாம்.

"என்ரை பிள்ளைக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தநேரம் ஆஸ்பத்திரியிலை எங்களோடை நிண்டவர் பிள்ளை. அவரும் மனிசன்தானே. இனிப் போதும், விடும்."

"உங்களுக்கு நிண்டவர் அக்கா. எனக்கு நிக்கேல்லை."

அக்கா தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்தார். படலைவரை போனேன். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் அந்தத் தாள்களைத் தந்திராவிட்டால் இன்னும் வேலையில் இருந்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். இந்த முழுக் கதையிலும் என் நெஞ்சில் உறுத்துவது அந்த ஓரிடம்தான்.

மூன்றாம் நாள் திருகோணமலையிலிருந்து அழைத்தார்கள். மரியாதையான ஒரு ஆண்குரல். சேர் எப்படிப்பட்டவர் என்று கேட்டது. இல்லாததைச் சொல்வதில்லை என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன். கெட்டிக்காரர், நேரத்துக்கு வருவார், வேலை தெரிந்தவர் என்றேன். பிழை வந்தால் அதைத் தன் கீழே இருப்பவரின் பெயரில் எழுதிவைப்பார் என்றும் சொன்னேன்.

பிறகு நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். அன்றைக்கு மத்தியானம் எனக்கு நல்ல பசி. சோறு போட்டுக்கொண்டு வந்து இருந்து, ஆறுதலாகச் சாப்பிட்டேன்.